ஸ்டெல்லாவின் மடியில் தண்ணீர்

ஒரே காலையில், ஒன்றரை மணி நேரத்துக்குள், பதினொரு குடும்பங்களுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியவள் நான். அதில் பதினொன்றாவது குடும்பம் என்னுடையது. எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன். ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்கவும் வழியில்லை. ஊரே சாட்சி, ஊரோடு சேர்ந்து ஒரு பசுவும் சாட்சி.

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பாலைச் சோதித்து வாங்குவது என் வேலை. பதினேழு வருடமாகச் செய்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு ஜன்னலைத் திறந்தால் எட்டு மணிவரை ஆட்கள் வரிசையாக வந்து பால் போசிப் பாத்திரத்தை வைப்பார்கள். நல்ல பாலாக இருந்தால் கேனில் ஊற்றச் சொல்வேன். தண்ணீர் கலந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ‘சரசு கண்ணுல மண்ணைத் தூவ முடியாது’ என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. (அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் கிடக்கிறார்.)

இப்படிப் பெயரெடுத்தவளுக்கு நாற்பத்து மூன்றாம் வயதில் கடுகுக்கும் கேழ்வரகுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. ஒரு நாள் கேழ்வரகை எண்ணெயில் போட்டு ரசம் தாளித்துவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, “இதென்ன புள்ள, ரசத்துல மணல் கெடக்குது?” என்றார். “டிவியில பாத்துப் பண்ணுனேன், வாயை மூடிட்டுக் குடிங்க” என்று சொன்னேன். அவரும் குடித்தார். பாவம்.

கண்ணில்தான் கோளாறு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. சமையலறை பல்பு மங்கிவிட்டது என்று தோன்றியது. மூன்று முறை மாற்றச் சொன்னேன். மூன்றாவது பல்பைப் போட்டபின் எங்கள் சமையலறை வெளிச்சத்தில் எதிர்வீட்டு ஆயா உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். மாத்திரை அட்டையில் எழுத்து தெரியாவிட்டால் மருந்துக் கம்பெனிக்காரனைத் திட்டுவேன். “மையை மிச்சம் புடிக்கறானுங்க, கஞ்சப்பசங்க.” ஊசியில் நூல் நுழையாவிட்டால் ஊசி சரியில்லை. போனில் வந்த செய்தியைப் படிக்கக் கையை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு நான் இரண்டடி பின்னால் நின்று படித்தேன்.

“ஏம்புள்ள, ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டா என்ன?” என்று வீட்டுக்காரர் ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்.

“கண்ணாடியா? எனக்கா? அதா, ரோட்டு முக்குல வர்ற பஸ்சு எந்தூரு பஸ்சுன்னு இங்கிருந்தே சொல்லட்டுமா?” சொல்லியும் காட்டினேன். பொள்ளாச்சி பஸ். சரியாகத்தான் சொன்னேன். தூரத்தில் இருப்பது அத்தனையும் எனக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அதனால்தான் அவ்வளவு திமிர்.

இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதற்காக மூன்று மாதம் முருங்கைக்கீரையாகத் தின்றேன்? பொரியல், சூப்பு, அடை என்று எங்கள் வீட்டு மரத்தையே மொட்டையடித்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தால் ‘சரசுக்குக் கண்ணு போச்சு’ என்று பேச்சாகிவிடும், அப்புறம் ஆளாளுக்கு ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு வருவார்கள் என்பது என் கவலை. பதினேழு வருடப் பெயரை மூக்கின் மேல் வைத்து உடைக்க மனசு வரவில்லை.

வேலையில் குட்டு வெளிப்படாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு மெஷின். பாலை அதில் வைத்தால் சிவப்பு எழுத்தில், தீப்பெட்டி உயரத்துக்கு நம்பர் காட்டும். அதைப் பார்க்கக் கண்ணே வேண்டாம். ஒரு புதன்கிழமை அந்த மெஷின் மூச்சை நிறுத்திக்கொண்டது. எங்கள் செக்ரட்டரி உண்ணி சார், மலையாளத்துக்காரர், தங்கமான மனுஷர், வந்து பார்த்துவிட்டு, “சரசுச் சேச்சி, இது ரிப்பேர் செய்து வர நாலு திவசம் ஆகும். அதுவரைக்கும் பழைய லாக்டோமீட்டர் எடுத்துக்கோ. சேச்சிக்குப் பரிசயம் உள்ளதுதானே?” என்றார்.

“கண்ணை மூடிட்டே பாப்பனுங்க சார்” என்றேன். அப்படித்தான் நடக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

லாக்டோமீட்டர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடியில் குண்டாக, மேலே குச்சி மாதிரி நீண்ட ஒரு கண்ணாடிச் சாமான். ஜாடியில் பாலை ஊற்றி அதை மிதக்கவிட வேண்டும். பால் கெட்டியாக இருந்தால் மேலே தூக்கி நிறுத்தும். தண்ணீர் கலந்திருந்தால் உள்ளே இறங்கிவிடும். குச்சியில் பொடிப்பொடியாகக் கோடும் நம்பரும் இருக்கும். பால் எந்தக் கோட்டில் தொடுகிறதோ அதுதான் அளவு. எங்கள் சொசைட்டியில் இருபத்தாறுக்குக் கீழே போனால் வாங்கக் கூடாது.

அந்தக் கோடுகள் எனக்கு மொத்தமாக ஒரு சாம்பல் பூச்சாகத்தான் தெரிந்தன. அதனாலென்ன? பழைய மீட்டர் நல்ல பாலில் இரண்டு விரற்கடை வெளியே நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். புதன் சாயங்காலமும் வியாழக்கிழமையும் விரலை வைத்தே ஒப்பேற்றிவிட்டேன். வியாழன் சாயங்காலம் கழுவும்போது மீட்டர் கைதவறி விழுந்து உடைந்தது. உண்ணி சார் உடனே பாலக்காட்டிலிருந்து புதுசு ஒன்று வரவழைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். புது மீட்டரின் குச்சி பழையதைவிடக் கட்டை. அது ஒன்றே ஒன்றை நான் கவனித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாக வந்தவர் தெய்வானையக்கா. எப்போதுமே அவர்தான் முதல். வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பவர். ஒரே ஒரு பசு, பெயர் ஸ்டெல்லா. மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில், வளர்ந்த கலப்பின மாடு அது. விற்ற அம்மா அழுதுகொண்டே, “மாடு கீடுன்னு கூப்பிட்டுறாதீய. ஸ்டெல்லான்னு சொன்னாத்தான் திரும்பிப் பாக்கும்” என்று சொல்லி அனுப்பினாராம். பதினேழு வருடத்தில் தெய்வானையக்கா பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்ததில்லை. எனக்கு அவர் கூடப்பிறக்காத அக்கா மாதிரி. என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு வந்து படுத்தவர்.

அன்று அவர் முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் கவிதாவுக்குப் பூ வைக்கப் பொள்ளாச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அப்பா இல்லாத பெண். மூன்று வருடமாக வரன் தேடி, நாலு இடம் தட்டிப்போய், ஐந்தாவதாக அமைந்த இடம்.

“வர்ற ஒறம்பரைக்குக் கேசரி பண்ணட்டுமா, பாயசம் வெக்கட்டுமா சரசு?” என்று கேட்டுக்கொண்டே பாலை ஜாடியில் ஊற்றினார். நான் மீட்டரைப் போட்டேன். விரலை வைத்தேன். ஒரு விரற்கடைதான் நின்றது.

குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். சாம்பல் பூச்சுதான் தெரிந்தது.

“அக்கா, பால்ல என்ன ஊத்துனீங்க?”

“என்னத்தை ஊத்துனேன்? மடியிலிருந்து கறந்து போசியில ஊத்துனேன். வேறென்னத்தை ஊத்தறது?”

“மீட்டர் இருபத்திரண்டு காட்டுதுங்க்கா.”

இந்த இருபத்திரண்டு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மங்கலாக ஒரு கோடு, அதற்கு என் வாய் வைத்த பெயர். அதோடு நிறுத்தியிருக்கலாம். காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். நான் மகா நேர்மைக்காரி ஆயிற்றே! பின்னால் மூன்று பேர் வரிசையில் நிற்க, கணீரென்று சொன்னேன்: “ஊட்டுல விசேசத்தை வெச்சுக்கிட்டு இதெல்லாம் தேவைங்களா அக்கா?”

தெய்வானையக்கா பாலைத் திரும்பப் போசியில் ஊற்றி, மூடி போட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது.

அடுத்து வந்தது அக்காவின் தம்பி பழனிச்சாமி. அவர் பாலும் ஒரு விரற்கடை. குடும்பமே கூட்டு என்று முடிவு செய்தேன். மூன்றாவது ஆளும் அப்படியே. நான்காவது, ஐந்தாவது… ஏழாவது ஆள் வந்தபோது, மெஷின் கெட்டுப்போன செய்தி தெரிந்து ஊரே மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டுப் பேசித் தண்ணீர் ஊற்றியிருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எல்லார் பாலிலும் ஒரே அளவு தண்ணீர் எப்படி வரும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குள் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் புகுந்துவிட்டிருந்தார். “எடுத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போங்க!” என்று விரட்டிக்கொண்டிருந்தேன். அக்காவைத் தவிர யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் நின்று முணுமுணுத்தார்கள்.

பதினொன்றாவதாக என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுப் பாலோடு வந்தார். மீட்டரைப் போட்டேன். ஒரு விரற்கடை.

“நீங்களுமா?” என்றேன்.

“என்ன நீங்களுமா? காலையில நீதானே புள்ள கறந்தே!”

“கறந்தது நானுங்க. கொண்டாந்தது நீங்க. நடுவுல வாய்க்கால் இருக்குதில்ல?”

வாசலில் நின்ற ஒன்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அவர் “அட கெரகமே” என்று சொல்லிவிட்டு, போசியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ரோட்டில் ஸ்டெல்லா வந்தது. முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெய்வானையக்கா, பின்னால் கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு கவிதா. கவிதா அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள்.

“ஒருத்தரும் போவாதீங்க, எல்லாரும் பாருங்க!” என்றார் அக்கா. “பொள்ளாச்சி பஸ்சுல பேச்சுப் போயிருச்சு. மாப்பிள்ளையோட மாமன் அங்க பஸ்ஸ்டாண்டுகிட்ட டீக்கடை வெச்சிருக்காரு. அவரு காதுல உழுந்து, ‘என்னுங்க, பால்ல என்னமோ பிரச்சனையாமா?’ன்னு இப்பத்தான் போன் வந்துச்சு. பால்ல தண்ணி ஊத்தற ஊட்டுல பொண்ணெடுக்கலாமான்னு அவிய ரோசனை பண்றாங்க. சரசு, உங்கண்ணு முன்னாலயே கறக்கறேன். பாத்துச் சொல்லு.”

கன்றை ஊட்டவிட்டு, மடியில் மிச்சமிருந்ததைச் சொசைட்டி வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்து கறந்தார். ஊரே சுற்றி நின்றது. ஸ்டெல்லா ஒரு தடவை கூடக் காலைத் தூக்கவில்லை. நுரையோடு பாலைக் கொண்டுவந்து ஜாடியில் ஊற்றினார். நான் மீட்டரைப் போட்டேன். விரலை வைத்தேன்.

ஒரு விரற்கடை.

“இருபத்திரண்டு” என்றேன்.

“அப்பொ என்ற ஸ்டெல்லா மடியிலயே தண்ணி இருக்குதா?” என்று அக்கா கேட்டார். கூட்டத்தில் ஒருத்தர், “பைப்பு கனெக்‌ஷன் குடுத்திருப்பாங்க” என்றார்.

“சூட்டுப் பாலுங்க்கா. கறந்த சூட்டுல மீட்டர் கொஞ்சம் கீழ எறங்கும்.” இது பொய்யில்லை, உண்மையிலேயே கொஞ்சம் இறங்கும். அதைப் பிடித்துத் தொங்கினேன்.

“சரி, ஆறட்டும்” என்றார் அக்கா.

பால் ஆறும்வரை பதினொரு போசிகள், ஒரு பசு, ஒரு கன்று, ஒரு புருஷன் எல்லோரும் காத்திருந்தோம். ஸ்டெல்லா நிதானமாக உண்ணி சாரின் செம்பருத்திச் செடியை முடித்தது. திரும்பவும் மீட்டரைப் போட்டேன். அதே ஒரு விரற்கடை. நான் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, ஜாடியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை இடுக்கி நின்றேன்.

தெய்வானையக்கா ஜாடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு எதுவோ ஆனது.

“சரசு, இந்தக் குச்சியில நம்பர் எத்தனையில ஆரம்பிக்குது, எத்தனையில முடியுது? படி பாக்கலாம்.”

என்னத்தைப் படிப்பது?

அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தைக்கும்போது போடுவதற்காகக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார். “இப்பப் பாரு.”

பார்த்தேன். ஐயோ, கோடு கோடாக, நம்பர் நம்பராக, அப்போதுதான் அச்சடித்த மாதிரி அத்தனை தெளிவு! இருபது, இருபத்தைந்து, முப்பது. பால் நின்ற இடத்தை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மீட்டர் கட்டை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என் நகக்கண்ணில் காலையில் மாடு கறந்தபோது ஒட்டிய சாணி இருப்பதும் தெரிந்தது. ஊருக்கெல்லாம் சுத்தம் பற்றிப் பாடம் எடுப்பவள் நான். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“எத்தனை?” என்றார் அக்கா.

“இருபத்தொம்பதுங்க்கா.”

பின்னாலிருந்து பழனிச்சாமி, “அப்பொ எங்குளுது?” என்று கத்தினார். அக்காவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அத்தனை பேர் பாலையும் மறுபடி சோதித்தேன். எல்லாம் நல்ல பால். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் வீட்டுக்காரர் போசியை நீட்டிக்கொண்டே, “வாய்க்கால் தண்ணி எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க, அம்மணி” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

தெய்வானையக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். “ஊருக்குள்ள சொன்னதை ஊருக்குள்ளயே இல்லைன்னு சொல்லிட்டே. பொள்ளாச்சிக்குப் போன பேச்சை யாரு போயித் திருப்பிக் கூட்டியாறது சரசு?”

“ஞாயித்துக்கிழமை நானே வந்து அவியகிட்டச் சொல்றனுங்க்கா” என்றேன். என் கண்ணுக்கு வந்த வினை அந்தப் பெண் தலையில் விடிந்தால் நான் எந்த முகத்தோடு அந்த ஜன்னலில் உட்காருவேன்?

மறுநாள் வீட்டுக்காரர் என்னைப் பொள்ளாச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பரிசோதித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தூரத்து எழுத்துகளை எல்லாம் கடைசி வரிவரை கடகடவென்று படித்தேன். வீட்டுக்காரரைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். கையை நீட்டினேன்.

“கையை மடக்கிப் படிங்கம்மா.”

“மடக்குனா தெரியாதுங்களே.”

“அதுக்குத்தான் வந்திருக்கீங்க” என்றார். “இதுக்குப் பேரு வெள்ளெழுத்து. கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்குதுங்கம்மா. சின்ன வயசுல மெத்துனு இருக்கும். கிட்டத்துல பாக்கறப்ப உப்பிக் குடுக்கும். வயசாக ஆகக் கொஞ்சங்கொஞ்சமா இறுகிரும். உப்பச் சொன்னாலும் உப்பாது.”

“எனக்கு மட்டும் ஏனுங்க இப்படி?”

“நாப்பதைத் தாண்டுனா எல்லாருக்குந்தான். ஒருத்தரும் தப்ப முடியாது. தூரம் நல்லாத் தெரியறதால யாரும் கண்ணைச் சந்தேகப்படறதில்லை. பல்பைச் சந்தேகப்படுவாங்க.”

வீட்டுக்காரர் இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். நான் முருங்கைக்கீரை விஷயத்தைச் சொன்னேன். கீரை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இறுகின லென்ஸை எந்தக் கீரையும் இளக்காது என்றார். கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமாமே என்று கேட்டேன். “போட்டாலும் ஏறும், போடாட்டியும் ஏறும். வயசோட சேர்ந்து ஏறி, அறுபது வாக்குல அதுவா நின்னுரும்” என்றார். கண்ணின் பிரஷரையும் உள்பக்கத்தையும்கூடப் பார்த்தார்கள். நாற்பது தாண்டினால் ரோட்டோரத்தில் ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வதோடு நிற்காமல் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

“பவர் ஒண்ணே முக்கால்” என்றார் கடைசியில்.

“ஒண்ணரை போட்டுக்குங்களேன்” என்றேன். (சந்தையில் கத்தரிக்காய் வாங்கிய பழக்கம்.) அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி என் வேலைக்கு நல்லது, ஆனால் அது வர ஒரு வாரமாகும். அதுவரை படிப்பதற்கு மட்டும் ஒன்று இப்போதே தருகிறோம் என்றார்கள். “இதைப் போட்டுட்டு நடக்காதீங்க. தூரம் மங்கலாத் தெரியும்” என்று இரண்டு முறை சொன்னார்கள். நானா கேட்பேன்? மூன்று மாதம் போட மாட்டேன் என்று அடம்பிடித்தவள், இப்போது கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தேன். மன்னிப்புக் கேட்கப் போகும்போது கண்ணாடியோடு போனால்தானே நம்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை தெய்வானையக்கா வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலி வரிசை. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எல்லாரும் வெள்ளை வேட்டி கட்டிய புகைமூட்டமாகத் தெரிந்தார்கள். நடுவில் பெரிய மீசையோடு ஒருத்தர் இருந்தார். அவர்தான் டீக்கடை மாமன் என்று நேராகப் போய்க் கைகூப்பினேன். மூச்சுவிடாமல் ஆரம்பித்தேன். மெஷின், மீட்டர், விரற்கடை, ஸ்டெல்லா ஒன்றும் விடவில்லை. “தெய்வானையக்கா பால்ல தப்பில்லீங்க. என்ற கண்ணுலதான் தப்பு. என்னை என்ன வேணாலும் பேசுங்க, அந்தப் புள்ளையை மட்டும் வேண்டாமுன்னு சொல்லிராதீங்க” என்று முடிக்கும்போது அழுதுவிட்டேன்.

அந்த மீசைக்காரர் எழுந்து, “சரசு, நாம் பழனிச்சாமி. என்றகிட்ட முந்தாநேத்தே மன்னிப்புக் கேட்டுட்டயே” என்றார்.

அக்காவின் சொந்தத் தம்பி. பதினேழு வருடமாகத் தினமும் எனக்குப் பால் ஊற்றுகிறவர். பந்தல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வீட்டுக்காரர் வந்து என் இரண்டு தோளையும் பிடித்து, வண்டியைத் திருப்புவது மாதிரி இடதுபக்கம் திருப்பிவிட்டு, “மாமன் இக்கட்ட, இந்தப் பக்கம் உக்காந்திருக்கறாரு” என்றார்.

மாமன் சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டீக்கடைக்காரனுக்குப் பாலைத் தெரியாதாம்மா? எனக்கு நம்பிக்கைதான். ஆனா முடிவு சொல்ல வேண்டியது என்ற தங்கச்சி” என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் காட்டினார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே உர்ரென்று உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்றும் கால்வலி என்று வரவில்லை. போனில் கவிதாவின் போட்டோவைப் பார்த்துச் சரி என்று சொன்னதோடு சரி. இன்றுதான் முதல் தடவையாக வந்திருக்கிறார். மெதுவாக எழுந்து என்னிடம் வந்தார். “சித்தெ உள்ள வாங்க” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். பந்தலில் சிரிப்பு நின்றுபோனது. தெய்வானையக்கா தூணைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளறையில் கதவைச் சாத்தினார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

“அந்தக் கண்ணாடிய ஒருக்காக் குடுங்க” என்றார்.

கொடுத்தேன். போட்டுக்கொண்டு தன் உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சேலைக் கரையைப் பார்த்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு வருசமா கிட்டத்துல ஒண்ணும் தெரியறதில்லீங்க. பசங்ககிட்டச் சொன்னா ஆப்பரேசன்னு கூட்டிட்டுப் போயிருவாங்களோன்னு பயந்துட்டுச் சொல்லுலீங்க. போன மாசம் எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்குப் பூ வெக்கறப்ப, நெத்தியில வெக்க வேண்டிய குங்குமத்தைக் கண்ணு மேல வெச்சுட்டேன். அந்தப் புள்ள கண்ணெரிச்சல்ல அழுதுருச்சு. அபசகுனம்னு என்னைப் பேசாத பேச்சில்லை. இன்னிக்கு நாந்தான் மாமியாக்காரி, நாந்தான் பொட்டு வெக்கோணும். பால்ல தண்ணிங்கற பேச்சு வந்ததும், இதையே சாக்கா வெச்சுத் தேதியத் தள்ளிப் போட்டுரலாமான்னு பாத்தேன். எனக்குப் பால் பிரச்சனையில்லீங்க, குங்குமந்தான் பிரச்சனை.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அப்பொ போட்டோவைப் பாத்துப் புடிச்சிருக்குதுன்னு சொன்னீங்களாமே?”

“மஞ்சளா என்னமோ தெரிஞ்சுதுங்க. சேலையா இருக்குமுன்னு நெனச்சேன்.”

கதவைத் திறந்துகொண்டு என் கண்ணாடியோடு அவர் வெளியே வந்தார். படியில் தடுமாறாமல் இருக்க நான் கையைப் பிடித்துக்கொண்டேன். “பொண்ணைக் கூப்புடுங்க, பூ வெச்சரலாம்” என்றார். கவிதா வந்து மணையில் உட்கார்ந்தாள். அந்த அம்மா குனிந்து, நெற்றிக்கு நட்டநடுவில், அளந்து வைத்தது போலக் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. கவிதாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“போட்டோவுல பாத்ததைவிட லட்சணமா இருக்குது என்ற மருமக” என்றார்.

எல்லாரும் குலவை போட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்று உள்ளறையில் நான் ஏதோ பிரமாதமாகப் பேசித்தான் அந்த அம்மாவின் மனதை மாற்றினேன் என்று இரண்டு ஊரிலும் நம்புகிறார்கள். எங்காவது சம்பந்தம் பேசும்போது மாமியார் முகம் சுருங்கினால், “சரசுவை உள்ள அனுப்புங்க, கதவைச் சாத்திப் பேசிட்டு வரட்டும்” என்று சொல்வது இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. என் வீட்டுக்காரர், “வக்கீலம்மா கெளம்பியாச்சா?” என்று கேட்பார்.

தெய்வானையக்காவும் தினமும் காலையில் பாலை ஊற்றிவிட்டுக் கேட்பார்: “அன்னிக்கு உள்ள போயி அப்பிடி என்னதான்டி சொன்னே?” ஒண்ணும் சொல்லலீங்க்கா என்பேன். நம்பியதே இல்லை. போன வாரம் அவருடைய சம்பந்தியம்மாவிடம் போனில் அனுமதி கேட்டேன். “எழுதுங்க, எழுதுங்க, நானே படிச்சுக்குவேன்” என்று சிரித்தார். அதனால் அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா, உள்ளே நான் ஒரு வார்த்தைகூடப் பரிந்து பேசவில்லை. உங்கள் சம்பந்தி கேட்டார், கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.